சிஇஏ: நண்டும் கருவும் சேர்ந்த பெயர்

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர் வீட்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு கேள்வி எழும்: ‘சிஇஏ எவ்வளவு வந்திருக்கு?’ இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தின் அளவு அது. கார்சினோஎம்ப்ரியானிக் ஆன்டிஜென் என்ற நீளப் பெயரைச் சுருக்கியதுதான் சிஇஏ.

முதல் பகுதி கார்சினோ, அதாவது புற்று. கிரேக்கத்தில் கார்கினோஸ் என்றால் நண்டு. கட்டியைச் சுற்றிப் புடைத்திருந்த இரத்தக் குழாய்கள் நண்டுக் கால்களாகத் தெரிந்தன என்பார்கள். லத்தீனில் கேன்சரும் நண்டுதான்; நம் ராசிக்கட்டத்துக் கடகமும் அதே பிராணி. தமிழ் நண்டை விட்டுவிட்டுக் கரையான் புற்றைப் பிடித்துக்கொண்டது. மண்ணிலிருந்து தானாக எழும்பி, கிளைத்து, உள்ளே குடைந்துகொண்டு போவது புற்று. எனக்கு நண்டைவிட இதுவே பொருத்தமாகப் படுகிறது.

எம்ப்ரியோ, உள்ளே பருத்து வளர்வது. நமக்குக் கரு, இலங்கைப் பாடநூல்களில் முளையம். ஆன்டிஜென், உடலில் எதிர்ப்பொருளை, அதாவது அந்நியப் பொருளை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதத்தை, உண்டாக்கச் செய்வது. எதிர்ப்பொருள் தூண்டி, பிறபொருளெதிரியாக்கி என்று இரு பெயர்கள் புழங்குகின்றன. இரண்டாவதை ஒரே மூச்சில் சொல்பவருக்குப் பரிசு தரலாம்.

சரி, புற்றையும் கருவையும் யார் முடிச்சுப் போட்டார்கள்? கனடாவின் மான்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தின் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும், 1965இல். ஒரே நோயாளியின் பெருங்குடல் கட்டியையும் அதே குடலின் நல்ல பகுதியையும் எடுத்து, முயல்களின் எதிர்ப்பொருள்களைக் கொண்டு ஒப்பிட்டார்கள். கட்டியில் இருந்த ஒன்று நல்ல பகுதியில் தென்படவில்லை. அதுவே கருவிலிருக்கும் சிசுவின் குடலில் இருந்தது. பிறப்புக்கு முன் வேலை செய்து அடங்கிப்போன மரபணு, புற்றில் மறுபடி விழித்துக்கொள்கிறது என்று எண்ணி இந்தப் பெயரை வைத்தார்கள்.

பெயர் நிலைத்தது, எண்ணம் அப்படியே நிலைக்கவில்லை. நலமாக இருக்கும் பெரியவர்களிடமும் இப்புரதம் சிறிதளவு உண்டு என்பது பிறகு தெரிந்தது. பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்குள் இருக்கும். புகைபிடிப்பவர்களுக்குச் சற்றுக் கூடும். கல்லீரல் நோயிலும் குடல் அழற்சியிலும்கூட ஏறும். அதனால் பெயரில் ‘கார்சினோ’ இருக்கிறதே என்று அறிக்கையைப் பார்த்ததும் கலங்க வேண்டாம். எண் சரியாக இருக்கிறது என்பதற்காக நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது, சில கட்டிகள் இப்புரதத்தை அதிகம் சுரப்பதே இல்லை. நோய் உண்டா இல்லையா என்று கண்டுபிடிக்க இது உதவாது.

இதன் வேலை முன்கணிப்பும் கண்காணிப்பும். அறுவைக்கு முன்பே அளவு உயர்ந்திருந்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். கட்டி முழுதாக நீங்கினால் நான்கு முதல் ஆறு வாரங்களில் அளவு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கலாம். இறங்கியது பிறகு படிப்படியாக ஏறினால், பெரும்பாலும் கல்லீரலில் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். ஒற்றை எண்ணைவிட, அது போகும் திசைக்கே மதிப்பு.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘கருப்புற்றுப் புரதம்’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். கறுப்பு நிறப் புற்று என்று படித்துவிட்டார் நண்பர். மாற்றிப் போட்டு ‘புற்றுக்கருப் புரதம்’ என்றால் குழப்பமில்லை. ஆன்டிஜென் என்ற பகுதியை விட்டுவிட்டேன். அது கண்டுபிடித்த முறையைச் சொல்கிறதே தவிர, நோயாளிக்கு எதையும் சொல்வதில்லை. இப்படிக் கட்டியைச் சுட்டும் பொருள்களுக்கான ‘ட்யூமர் மார்க்கர்’ என்ற பொதுப்பெயருக்குக் கட்டிச்சுட்டி போதும். ஆய்வகத்தில் கேட்கும்போது மட்டும் சிஇஏ என்றே கேளுங்கள், ‘புற்றுக்கருப் புரதம்’ என்றால் அங்கே விழிப்பார்கள்.