கருத்தடை மாத்திரை: சொல் விளக்கம்

கருவுறாதிருக்கும்பொருட்டு ஒரு பெண் நாள்தோறும் உட்கொள்ளும் ஹார்மோன் மருந்தையே கருத்தடை மாத்திரை என்கிறோம். 'கரு', 'தடை' என்னும் இரு சொற்களும் சேர்ந்து நிற்பதால், முன்பே உருவான கருவை இம்மருந்து அழிக்கிறது என்று கொள்வோரும், இதனைக் கருக்கலைப்பு மாத்திரையோடு குழப்பிக்கொள்வோரும் உண்டு. இங்கே 'கரு' என்பது கருவுறுதல் என்னும் நிகழ்வையே சுட்டுகிறது. இலத்தீனில் 'எதிர்' எனப் பொருள்படும் 'கான்ட்ரா'வைக் கொண்டு ஆங்கிலத்தில் அமைந்த 'கான்ட்ராசெப்ஷன்' என்னும் சொல்லுக்கு ஈடாக வழங்கும் தமிழ் ஆக்கம் 'கருத்தடை'.

'மாத்திரை' வடமொழியில் அளவைக் குறிக்கும் 'மாத்ரா'விலிருந்து வந்தது. கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் தொல்காப்பியம் மாத்திரையின் அளவாகக் கூறுகிறது. மருத்துவத்திலோ அது அளவிட்டுத் தரும் மருந்தாயிற்று. தனித்தமிழ் விரும்புவோர் 'வில்லை' என்பர். இலங்கையில் 'குளிசை' என்பதும் வழங்குகிறது. ஆயினும் மருந்துக்கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எவருக்கும் ஐயமின்றி விளங்குவது 'மாத்திரை'தான் என்பதால், அதை மாற்றத் தேவையில்லை என்பது என் கருத்து.

இனி, தடை எங்கே நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். 1960இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற இவ்வகை மாத்திரை, சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படுவதை நிறுத்துகிறது. கருப்பை வாயிலுள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவின் வழியையும் அடைக்கிறது. இவ்விளைவு மருந்து உடலில் தொடர்ந்து இருக்கும் வரைதான் நீடிக்கும். ஆகவே 'தடை' என்றதும் முற்றிலும் அடைபட்ட வாயில் என்று எண்ணிவிடலாகாது. சிறிதும் பிசகாமல் உட்கொண்டால் ஓராண்டில் 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கருத்தரிக்கும். மறதியும் இடைவெளியும் கலந்த அன்றாட வழக்கிலோ அது ஏறத்தாழ 7 பேராகிறது.

அரசு மருத்துவமனைகளில் விலையின்றித் தரப்படும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகளுள் 21 மட்டுமே ஹார்மோன் கொண்டவை; எஞ்சிய 7 இரும்புச்சத்து மாத்திரைகள். இந்த ஏழில் ஒன்றை மறந்தால் கருத்தரிக்கும் அச்சம் வேண்டாம். அடுத்த அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதுதான் பெரும் இடர், ஏனெனில் ஹார்மோன் இல்லாத இடைவெளி ஏழு நாட்களைத் தாண்டும்போது சினைப்பை மீண்டும் விழித்துக்கொள்ளக்கூடும். ஹார்மோன் மாத்திரை ஒன்றை மறந்தால் நினைவு வந்ததும் உட்கொண்டு, மற்றவற்றை வழக்கம்போலத் தொடரலாம். இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து தவறினால், மீண்டும் ஏழு நாட்கள் ஒழுங்காக உட்கொள்ளும் வரை ஆணுறையும் தேவை. உட்கொண்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்றை உட்கொள்ள வேண்டும். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின் ஆகியவை இதன் ஆற்றலைக் குறைப்பதால், அவற்றை உட்கொள்வோர் மருத்துவரிடம் வேறு முறை கேட்பதே தக்கது. மற்றப் பெரும்பாலான நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு இந்தக் கவலை இல்லை.

மாதவிடாய் வராதபோது முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் மாத்திரையாலேயே உதிரப்போக்கு மிகக் குறைவதும் உண்டு. கரு உறுதியானால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறியாமல் உட்கொண்டுவிட்ட மாத்திரைகளால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு நேரும் என்பதற்குச் சான்று இல்லை.