சேவை ஒப்பந்தமா, சம்பளமா: கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

திருகோணமலையில் கணக்காளராகத் தொழில் செய்யும் என்னிடம் வரி விடயமாக வரும் இளைஞர்களில் பலர் நியமனக் கடிதத்துக்குப் பதிலாக ‘சேவை ஒப்பந்தம்’ ஒன்றையே கொண்டு வருகிறார்கள். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் கணக்கு எழுதுபவர், வேலைத்தள மேற்பார்வையாளர், தொண்டு நிறுவனத் திட்டமொன்றின் களப்பணியாளர் என்று அவர்களின் வேலை பலவகைப்பட்டாலும், ஒப்பந்தத்தை நீட்டியவர் சொன்ன காரணம் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது: “இப்படி எடுத்தால் உங்களுக்கு வரி மிச்சம்.” அநேகமான சந்தர்ப்பங்களில் இது சரியில்லை.

மாதம் 150,000 ரூபாய் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரி விதிக்கப்படாத வருமான அளவு, ஆண்டுக்கு 1,800,000 ரூபாய் என்பதால், அவர் சம்பளப் பட்டியலில் இருந்தால் அவருடைய சம்பளத்தில் வருமான வரியாக ஒரு சதமும் கழிக்கப்படாது. ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய பங்கான 8 சதவீதம், அதாவது 12,000 ரூபாய், கழிந்து 138,000 கைக்கு வரும். அதே தொகையைச் சேவைக் கட்டணமாகப் பெற்றாலோ, மாதக் கொடுப்பனவு 100,000 ரூபாயைத் தாண்டுவதால் முழுத் தொகையிலும் 5 சதவீதம் பிடித்துவைத்தல் வரியாக, அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்கு அனுப்பும் வரியாக, கழிக்கப்பட்டு 142,500 கிடைக்கும். கையில் கூடுதலாகத் தெரியும் இந்த 4,500 ரூபாயைப் பார்த்துத்தான் பலரும் கையெழுத்திடுகிறார்கள். ஆனால் சம்பளப் பட்டியலில் இருந்திருந்தால் அவருடைய 12,000 ரூபாயோடு தொழில்தருநரின் 12 சதவீதமான 18,000 ரூபாயும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமான 4,500 ரூபாயும் மாதந்தோறும் அவர் பெயரில் சேர்ந்திருக்கும். 15 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனமாயின், ஐந்து ஆண்டு சேவை முடிந்தபின் ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உண்டு. ஆக, இந்த ஏற்பாட்டில் மிச்சம் பிடிப்பவர் ஒப்பந்தத்தை எழுதியவரே.

தாளில் ‘சுயாதீன ஒப்பந்தக்காரர்’ என்று எழுதிவிட்டால் ஒருவர் ஒப்பந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. அண்மையில் நான் வாசித்த ஒப்பந்தமொன்றின் முதற் பக்கம் ‘தரப்பினரிடையே தொழில்தருநர் – ஊழியர் உறவு இல்லை’ என்கிறது. மூன்றாம் பக்கமோ காலை 8.00 மணி முதல் மாலை 5.00 மணி வரை கட்டாய வரவு, விரல் அடையாளப் பதிவு, முன் அனுமதியோடு மட்டுமே விடுப்பு, வேறிடத்தில் வேலை செய்யத் தடை என்று வரிசைப்படுத்துகிறது. வேலையை எப்படிச் செய்வது என்று கட்டளையிடுவது யார், கருவிகள் யாருடையவை, தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் உரிமை அவருக்கு உண்டா, நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும் ஆகிய கேள்விகளைக் கொண்டே இந்த உறவு தீர்மானிக்கப்படும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியரையும், செய்த அளவுக்குக் கூலி பெறுபவரையும், ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்பவரையும் வெளியே தள்ளுவதில்லை. தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு சென்று அது நிரூபிக்கப்பட்டால், நிலுவையோடு தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 சதவீதம் வரையான மேலதிகக் கட்டணத்தையும் தொழில்தருநரே செலுத்த வேண்டும். விடுதி நடத்தும் நண்பர்களும் இதைக் கவனிப்பது நல்லது.

உண்மையாகவே சுயாதீனமாகத் தொழில் செய்பவர்களின் நிலை வேறு. பல வாடிக்கையாளர்களுக்கு வரைபடம் தயாரிக்கும் பொறியியலாளர், மொழிபெயர்ப்பாளர், மென்பொருள் எழுதுபவர் ஆகியோருக்கு இந்த முறையில் ஒரு நியாயமான நன்மை இருக்கிறது: சம்பளக்காரர் தன் செலவுகளைக் கழிக்க முடியாது, இவர்கள் தொழிலுக்காகச் செய்த செலவைக் கழிக்கலாம். மாதம் 300,000 வீதம் ஆண்டுக்கு 3,600,000 ரூபாய் கட்டணம் பெற்று, எரிபொருள், உதவியாளர் கூலி போன்ற நிரூபிக்கக்கூடிய செலவாக 600,000 ரூபாய் காட்டுபவரின் இலாபம் 3,000,000. நிவாரணம் போக எஞ்சும் 1,200,000 ரூபாயில் முதல் பத்து இலட்சத்துக்கு 6 சதவீதமும் மிகுதிக்கு 18 சதவீதமுமாக அவருடைய வரி 96,000 ரூபாய். ஆனால் அவருடைய கட்டணம் முழுவதும் நிறுவனங்களிடமிருந்து வந்திருந்தால், ஏற்கெனவே 180,000 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கும். மேலதிகமாகப் போன 84,000 அவருடைய பணம்.

அந்த 5 சதவீதத்தோடு வரிக் கடமை தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அது போனது போனதுதான் என்று கைவிடுபவர்களும் உண்டு. இரண்டும் பிழை. அது முற்பணம் மட்டுமே. மார்ச் 31இல் முடியும் மதிப்பீட்டு ஆண்டுக்கான வருமான விபரத்திரட்டை அடுத்த நவம்பர் 30க்குள் சமர்ப்பித்து அதை வரவு வைக்கவோ, மீளக் கோரவோ வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை மட்டும் மாதம் 150,000 பெறும் சுழியோடும் பயிற்றுநருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அவருக்கு வரியே இல்லை. ஆயினும் அவரிடமிருந்து பிடித்த 37,500 ரூபாய் தானாகத் திரும்பி வராது. வரி இலக்கம் வேண்டும், விபரத்திரட்டு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணத்தைப் பிடித்தவர் தந்த சான்றிதழ் வேண்டும். கொடுப்பனவுச் சீட்டில் ‘5% கழிவு’ என்று பேனாவால் எழுதியிருப்பது சான்றிதழ் ஆகாது. அப்படி எழுதிப் பிடித்த பணத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பாத இடங்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே சான்றிதழைக் கொடுப்பனவு வந்த கையோடு கேட்டு வாங்குங்கள். திட்டம் முடிந்து அலுவலகமே மூடப்பட்ட பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்கள், தமக்கு வரி இல்லை என்ற பழைய தகவலை இன்னும் நம்பியிருக்கிறார்கள். அந்த விலக்கு 2025 ஏப்ரல் 1 முதல் இல்லை. நிவாரணத்துக்குப் பின் முதல் பத்து இலட்சத்துக்கு 6 சதவீதமும், அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 15 சதவீதமும் செலுத்த வேண்டும். வேலையின் பயன் வெளிநாட்டில் நுகரப்பட்டு, கட்டணம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே வந்தால்தான் இந்த 15 சதவீத உச்சவரம்பு பொருந்தும். உறவினர் ஒருவரின் கணக்குக்கு எடுத்து, பிறகு ரூபாயாகக் கைமாற்றிக்கொண்டால் அந்தச் சலுகையைக் கோருவது கடினம்.

பருவகால வருமானக்காரர்கள் தவணைத் திகதிகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். மதிப்பிட்ட வரியை ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய நாட்களில் கட்ட வேண்டும். இவற்றில் இரண்டு, கடல் கொந்தளித்து விடுதிகள் காலியாகக் கிடக்கும் மாரி மாதங்களை ஒட்டி வருகின்றன. எனவே செப்டெம்பர் வரை வரும் ஒவ்வொரு கொடுப்பனவிலும் வரிப் பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடச் சொல்கிறேன். மாரியில் கடன் வாங்கி வரி கட்டுவதை அது தவிர்க்கும்.

சேமலாப நிதி இல்லாத சுயாதீனத் தொழில் செய்பவர்களுக்கு, 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் திறந்திருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் வயதுக்கேற்ற தவணைத் தொகையைச் சொல்வார்கள்.