"கன்ஃபார்ம் ஆனதுமே ஆரம்பிச்சுட்டேன் டாக்டர்"

போன செவ்வாய்க்கிழமை ஸ்கேன் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். 12 வாரக் கரு, மண்டை ஓடு உருவாகவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு 23 வயது, தலைப்பிள்ளை. வெளியே மாமியார், "கிரகணத்தன்னைக்கு வெளியே வராதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே" என்று அழுதுகொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் நான் பார்க்கும் மூன்றாவது கேஸ் இது.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பெண் தின்ற எதற்கும் இல்லை. தயவுசெய்து அவள்மேல் பழி போடாதீர்கள்.

இந்தக் குறையைத் தடுக்க உதவும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட்டீர்களா என்று மூவரிடமும் கேட்டேன். மூவரும் சொன்னது ஒரே பதில்: "கன்ஃபார்ம் ஆனதுமே ஆரம்பிச்சுட்டேன் டாக்டர்." சொன்ன பேச்சைக் கேட்டவர்கள். நாம்தான் நேரத்தோடு சொல்லவில்லை.

அது கர்ப்பிணிகளுக்கான மாத்திரை என்ற நினைப்பு ஊரெல்லாம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து நாங்கள் எண்ணும் கணக்கில் அது ஆறாவது வாரம். தலைப் பக்கம் மூடாமல் போனால்தான் மண்டை ஓடு இப்படி உருவாகாமல் போகிறது. நாள் தள்ளும்போதே நான்கு வாரம் போயிருக்கும். 'எதுக்கும் இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' என்று ஒரு வாரம். கிட்டில் இரண்டு கோடு பார்த்து, அம்மாவிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்து வருவதற்குள் எட்டு வாரம். நான் சீட்டு எழுதும்போது அந்தக் குழாய் மூட வேண்டிய நாள் கடந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். கல்யாணமான புதிதில் மாத்திரை போட்டால் கரு தங்காது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அது கருத்தடை மாத்திரை. இது வேறு, வெறும் வைட்டமின்.

இது 1991-லேயே முடிவான விஷயம். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 7 நாடுகளில் 33 மையங்களில் நடத்திய ஆய்வில், முன்பு இப்படிக் குழந்தை உண்டான பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் கொடுத்தார்கள். பாதிப்பு 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். திட்டமிடாமல் கருத்தரிப்பவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று அமெரிக்கா 1998 முதல் மாவிலேயே கலந்துவிடுகிறது. மாத்திரை போட்டும் சிலருக்கு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா? குறைந்தது ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்குங்கள், 12 வாரம் வரை விடாதீர்கள். கீரை சாப்பிடுங்கள், நல்லதுதான். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் சத்தும் அதோடு போகும், அதனால் கீரையை மட்டும் நம்பாதீர்கள். சர்க்கரை நோயோ, வலிப்புக்கு மருந்தோ, முன்பு இப்படி ஒரு கர்ப்பமோ இருந்தால் இந்த அளவு போதாமல் இருக்கலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த கர்ப்பத்துக்கான 5 மில்லிகிராம் மாத்திரையை இப்போதே எழுதிக் கொடுத்தேன். மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து இதே கணக்கை விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். சீட்டை அந்த அம்மாதான் கேட்டு வாங்கிக்கொண்டார்.