ஒரே ஊசியோடு கண் சிகிச்சை முடிந்துவிடாது

“பார்வை தெளிந்துவிட்டது டாக்டர், அதனால்தான் அடுத்த ஊசிக்கு வரவில்லை.” சேலத்தில் விழித்திரை மருத்துவம் பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது.

கடைசியாகச் சொன்னவர் அம்மாப்பேட்டைப் பட்டு நெசவாளர். பல ஆண்டுச் சர்க்கரை. தறியில் நேராக ஓட வேண்டிய பாவு இழைகள் நடுவில் வளைந்து தெரிகின்றன என்று வந்தார். விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருந்தது. கண்ணில் போட்ட முதல் ஊசியிலேயே இழைகள் நேராகிவிட்டன. அத்துடன் ஆளைக் காணோம். பல மாதம் கழித்து மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணுக்குள் ரத்தம் நிறைந்திருந்தது. ஸ்கேனில் பார்த்தால், வடு விழித்திரையை இழுத்துப் பிரித்திருந்தது.

ரத்த ஓட்டம் குறைந்து பிராணவாயுவுக்கு ஏங்கும் விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து புதுக் குழாய்களை வளர்க்கிறது என்று கண் மருத்துவர் மைக்கேல்சன் 1948இலேயே ஊகித்தார். அதில் முக்கியமான வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி 1989இல் பிரித்தெடுக்கப்பட்டது. காயம் ஆற உடலுக்குத் தேவையான பொருள்தான் அது. கண்ணில் மிகும்போது இருக்கும் குழாய்களைக் கசிய வைக்கிறது. அது வளர்க்கும் புதுக் குழாய்களோ அவசரத்தில் வெட்டிய வாய்க்கால்போல, கரை நிற்காமல் உடைகின்றன.

ஊசி மருந்து அந்தக் காரணியைக் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான். அடைபட்ட குழாயை அது திறப்பதில்லை, சர்க்கரையைக் குறைப்பதுமில்லை. சில வாரங்களில் மருந்து தீர்ந்துவிடும். விழித்திரையின் ஏக்கம் தீராது, சுரப்பு மீண்டும் ஏறும். பார்வை தெளிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள், நோய் போய்விட்டது என்றல்ல. தொடக்கத்தில் மாதம் ஒன்று போட்டு, பிறகு ஸ்கேன் பார்த்து இடைவெளியைக் கூட்டுவது இதனால்தான். வாழ்நாள் முழுக்க மாதாமாதம் ஊசியா என்று பயப்படாதீர்கள். முதல் ஆண்டில்தான் அதிகம். பலருக்கு அதன்பின் நன்றாகக் குறைந்துவிடும்.

“கேன்சர் மருந்தையா கண்ணில் போடுகிறீர்கள்?” என்றும் கேட்கிறார்கள். இந்த ஊசி மருந்துகளில் ஒன்றான பெவாசிசுமாப் குடல் புற்றுநோய்க்காக வந்தது உண்மைதான். கட்டியும் இதே காரணியால்தான் குழாய் வளர்க்கிறது. கண்ணுக்குள் போவது 0.05 மில்லி மட்டும். லேசர் வேறு வழி: ஓரத்து விழித்திரையின் பிராணவாயுத் தேவையைக் குறைத்து, சுரப்பை அடக்குகிறது. அது இருக்கும் பார்வையைக் காப்பதற்கு. கூடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரத்த அழுத்தத்தால் விழித்திரை நாளம் அடைத்தவர்களுக்கும், முதுமையில் மையப் பார்வை கெடுபவர்கள் சிலருக்கும் இதே காரணிதான் எதிரி. குறைமாதக் குழந்தைகளுக்கும் அப்படியே. 34 வாரத்துக்கு முன்பே பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைக் காட்டிவிடுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளே, கண்ணாடிக் கடையில் கடைசி வரிவரை வாசித்ததைப் பரிசோதனை என்று என்னிடம் சொல்லாதீர்கள். இரண்டாம் வகை என்றால் நோய் தெரிந்த உடனே ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும், சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதத்துக்குள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இந்தப் பரிசோதனைக்கு நீங்கள்தான் கிளம்பி வர வேண்டும். ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் துணைக்கு ஆளோடு பஸ்ஸில் வாருங்கள். சொட்டு விட்டால் சில மணி நேரம் கண் கூசும். அந்தக் கண்ணோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டாதீர்கள்.

ஊசி போட்ட பிறகு வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ, உள்ளே தொற்று இருக்கலாம். நந்தியாவட்டையும் தாய்ப்பாலும் விட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். அன்றிரவே மருத்துவமனைக்கு வாருங்கள்.