டெண்டரில் "மக்கும்", "மறுசுழற்சி", "5 ஸ்டார்" என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்?

ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை கேரி பேக் வாங்க டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள் விவரத்தில் "சுற்றுச்சூழலுக்கு உகந்த, மக்கும் பை" என்று ஒரே வரி. விலைப்புள்ளி கொடுக்கிற எல்லோரும் தங்கள் பை மக்கும் என்றுதான் சொல்வார்கள். விலை குறைவாகப் போட்டவர், அதாவது எல்-1, ஆர்டரை வாங்கிவிடுவார். சரக்கு இறங்கிய பிறகு "இது மக்கவில்லையே" என்று திருப்பி அனுப்ப வழியில்லை. எது மக்கும் பை என்று டெண்டரில் எங்குமே சொல்லவில்லையே!

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் விதி 144, தொழில்நுட்ப விவரக்குறிப்பை முடிந்தவரை தேசியத் தரநிலைகளை ஒட்டி எழுதச் சொல்கிறது. தமிழ்நாட்டுக் கொள்முதலுக்கு 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதன்படி டெண்டர் ஆவணத்தில் சொன்ன அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். ஆவணத்தில் இல்லாததைப் பிறகு கேட்டால் தகராறுதான். அதனால் சுற்றுச்சூழல் சொல் எதை எழுதினாலும், எந்த விதியின் விளக்கம், எந்தத் தர எண், யார் கொடுத்த சான்று, சரக்கு வந்ததும் என்ன சோதனை என்பதையும் கூடவே எழுதிவிட வேண்டும்.

"மக்கும்" என்பதில்தான் குழப்பம் அதிகம். பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 கம்போஸ்டபிள் பிளாஸ்டிக்கையும் பயோடிகிரேடபிள் பிளாஸ்டிக்கையும் தனித்தனியாக வரையறுக்கின்றன. முதலாவது உரமாக்கும் சூழலில் சிதைந்து, கண்ணுக்குத் தெரியும் எச்சமோ நச்சு எச்சமோ விடாதது. அதற்குத் தரநிலை ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088. இரண்டாவது மண், நன்னீர், கடல் போன்ற குறிப்பிட்ட சூழலில் சிதைவது. 2024 மார்ச் திருத்தத்துக்குப் பிறகு அது நுண்பிளாஸ்டிக்கையும் மிச்சம் வைக்கக் கூடாது. 1 முதல் 1,000 மைக்ரான் வரையுள்ள துகளை அந்தத் திருத்தம் நுண்பிளாஸ்டிக் என்கிறது. சாதாரண பிளாஸ்டிக் பைக்கான பாலிஎத்திலீனில் ஸ்டார்ச் கலந்து "மக்கும்" என்று விற்கும் பை இங்கேதான் அடிபடும்: ஸ்டார்ச் போய்விடும், பிளாஸ்டிக் பொடியாகிக் கிடக்கும்.

17088 கேட்கும் சோதனை சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நடக்கிறது. 180 நாளுக்குள் கார்பனில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். 12 வாரத்தில் 2 மி.மீ. சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. இதை யோசிக்காமல் "ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரு தவணையில் வரும் சரக்குக்கும்) 17088 சோதனை அறிக்கை, சப்ளை 30 நாளில்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது யாராலும் ஆகாது. போலி அறிக்கைக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. இப்படி எழுதலாம்:

"ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088க்கு உட்பட்ட கம்போஸ்டபிள் கேரி பேக். தயாரிப்பாளர் பெயரில் உள்ள, நடப்பிலிருக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் தொழில்நுட்ப உறையில் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் சான்று எண்ணும் ஒவ்வொரு பையிலும் அச்சாகியிருக்க வேண்டும். லாட்டிலிருந்து எடுக்கும் மாதிரியில் அகச்சிவப்புச் சோதனையில் பாலிஎத்திலீன் தெரிந்தால் லாட் முழுவதும் நிராகரிக்கப்படும். சோதனைச் செலவு சப்ளையருடையது."

அகச்சிவப்புச் சோதனை மக்குமா என்று சொல்லாது, என்ன பிளாஸ்டிக் என்று சொல்லும். ஏமாற்றைப் பிடிக்க அது போதும். "தயாரிப்பாளர் பெயரில்" என்ற சொல் முக்கியம்: டெண்டர் போடுபவர் பெரும்பாலும் வியாபாரி, சான்று வாங்கியவர் வேறு ஆள்.

தமிழ்நாட்டில் இன்னொரு கண்ணி. மத்திய விதிப்படி சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. அந்த எண்ணை அப்படியே டெண்டரில் போட்டால் தவறு. இங்கே 2019 ஜனவரி 1 முதல் சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக் எந்தத் தடிமனிலும் தடைதான். கேன்டீன் டெண்டரில் "பேப்பர் கப்" என்று எழுதுவதும் அப்படியே. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப் தடைப் பட்டியலில் இருக்கிறது.

"மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக் 30 சதவீதம்" என்றால் எந்தக் கழிவு? அதே பிளாஸ்டிக் விதிகளின் 2022 பிப்ரவரி திருத்தம் நுகர்வோருக்குப் போகும் முன் ஆலையிலேயே விழும் கழிவையும், பயன்படுத்தித் தூக்கிப்போட்ட கழிவையும் பிரித்துச் சொல்கிறது. பொருளின் சுற்றுச்சூழல் உரிமைகோரல்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 14021 இன்னும் கறார்: ஒரு ஆலை தன் வெட்டுத்துண்டை அரைத்து அதே உற்பத்தியில் போட்டால் அது மறுசுழற்சிக் கணக்கிலேயே வராது. குப்பை குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் "பயன்பாட்டுக்குப் பிந்தைய கழிவு, எடையில் இத்தனை சதவீதம்" என்றே எழுதுங்கள்.

மின்சாதனத்துக்குப் பொது நிதி விதிகளின் விதி 173 நட்சத்திரக் குறியீட்டைக் கேட்கிறது. ஆனால் நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது இறுக்கப்படுகிறது. ஸ்பிளிட் ஏசிக்கு 2018இல் 4.5 ஐசீர் (மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்ற அளவு) இருந்தால் 5 ஸ்டார். 2022 ஜூலையில் அது 5.0 ஆயிற்று. 4.5 ஐசீரில் 5 ஸ்டார் வாங்கிய பழைய மெஷின் அந்தப் பட்டியலில் 4 ஸ்டார் ஆயிற்று. "5 ஸ்டார்" என்று மட்டும் எழுதினால் குடோனில் தேங்கிய சரக்கு உங்கள் தலையில் விழும். ஐசீர் எண்ணையும், டெலிவரி நாளில் நடப்பிலுள்ள லேபிள் காலத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) செங்கல்லுக்கும் இதே கதை: சாம்பல்-சுண்ணாம்பு என்றால் ஐஎஸ் 12894, சாம்பல்-சிமென்ட் என்றால் ஐஎஸ் 16720, களிமண் கலந்து சுட்டது என்றால் ஐஎஸ் 13757. எண்ணோடு வலிமை வகுப்பையும் எழுதுங்கள்.

"இகோ ஃபிரெண்ட்லி", "கிரீன்" என்ற சொற்களை விவரக்குறிப்பிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் இவற்றை விளம்பரத்தில் போடவே கூடாது. பொதுவான முத்திரை ஒன்று வேண்டும் என்றால் இகோமார்க் விதிகள் 2024 இருக்கிறது. ஆனால் முத்திரை பெற்ற தயாரிப்பாளர் போதிய எண்ணிக்கையில் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் ஒற்றை டெண்டரில் போய் நிற்கும்.

சப்ளையர்களுக்கும் ஒரு வார்த்தை. டெண்டரில் தர எண் இல்லை என்றால் முன்-ஏலக் கூட்டத்திலேயே (விலைப்புள்ளி கொடுக்கும் முன் நடக்கும் பிரீ-பிட் கூட்டம்) எழுத்தில் கேளுங்கள். பதில் திருத்த அறிவிப்பாக வந்தால்தான் எல்லோரையும் கட்டுப்படுத்தும். போனில் கிடைத்த பதிலை மதிப்பீட்டுக் குழு பார்க்காது.