வீடு யார் பெயரில், நகை யார் கையில்: விவாகரத்தில் சொத்து எப்படிப் பிரிகிறது?

"மேடம், வீட்டில் பாதி எனக்கு வந்துடும்ல?"

விவாகரத்து வழக்குக்காக என்னிடம் வரும் பெண்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி இது. சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு அம்மாவும் இப்படித்தான் கேட்டார். பதினாறு வருடத் தாம்பத்தியம், இரண்டு பிள்ளைகள். பிறந்த வீட்டில் போட்ட நாற்பது பவுனில் தாலியும் கம்மலும் போக மீதியை அடகு வைத்து, மீட்க முடியாமல் விற்று, மாமனார் மனையில் மாடி எழுப்பியிருந்தார்கள். கட்டுமானம் நடந்த நாளெல்லாம் கூலி கணக்கு எழுதியதும், காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவர்தான். பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது மூன்றும் மாமனார் பெயரில் இருந்தன. "பாதி வராதும்மா" என்று நான் சொன்னதும் அவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. (குடும்பங்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்து இருவருக்கும் பொது, பிரிந்தால் பாதிப் பாதி என்ற ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. நம் நாட்டில் கோவாவிலும் டாமன், டையூவிலும் மட்டும், போர்த்துக்கீசியர் காலத்துச் சிவில் சட்டத்தின் தொடர்ச்சியாக, அதை ஒத்த முறை இருக்கிறது. மற்ற இடங்களில் கிடையாது. இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு பங்கைச் சேர்க்க முயற்சி நடக்காமல் இல்லை. 2010-இல் கொண்டுவரப்பட்ட திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமலேயே 2014-இல் காலாவதியானது. இன்றுவரை நிலை இதுதான்: பத்திரத்தில் யார் பெயரோ, சொத்து அவருடையது என்றுதான் நீதிமன்றம் தொடங்கும். இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "மனைவி வாரிசுதானே, பிறகெப்படிப் பங்கில்லை?" என்று கேட்பார்கள். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி முதல் வகுப்பு வாரிசு. அது சாவுக்குப் பின் வரும் உரிமை. உயிரோடிருக்கும் கணவரின் சொத்தில் அந்த உரிமையைக் காட்டிப் பங்கு கேட்க முடியாது. விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால் அந்த வாரிசு உரிமையும் போய்விடும். பிள்ளைகளின் உரிமை போகாது. அப்பா அம்மா பிரிந்ததால் எந்தப் பிள்ளையும் வாரிசு இல்லாமல் ஆகிவிடுவதில்லை.

சட்டம் பெண்ணின் பக்கம் உறுதியாக நிற்கும் ஓர் இடம் உண்டு. அது சீதனம். சட்டத்தில் ஸ்ரீதனம் என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னும், கல்யாணத்தின்போதும், பின்னும் பெண்ணுக்கென்று கொடுக்கப்பட்ட நகை, பாத்திரம், பணம், நிலம் எல்லாம் இதில் சேரும். பிறந்த வீட்டார் போட்டது மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாமியார் ஆசையாகக் கழுத்தில் போட்ட சங்கிலியும், பெண்ணுக்கென்றே கொடுத்ததாக இருந்தால், அவளுடையதே. இதில் கணவருக்குப் பங்கே இல்லை. மாமியாரின் பீரோவிலோ கணவர் பெயரில் உள்ள லாக்கரிலோ இருப்பதால் அது பொதுச் சொத்தாகிவிடாது என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் பாதுகாத்துத் தரும் பொறுப்பில் இருப்பவர்கள், அவ்வளவுதான். கேட்டும் திருப்பித் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் சீதனத்தைத் திருப்பித் தரும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். குடும்ப நல நீதிமன்றத்திலும் கேட்கலாம்.

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த கேரள வழக்கு ஒன்றை என்னிடம் வருகிறவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. முதலிரவன்றே 89 பவுன் நகையைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்லிக் கணவர் வாங்கிக்கொண்டார், அது கணவர் வீட்டாரின் கடனை அடைக்கப் போய்விட்டது என்பது மனைவியின் வழக்கு. கஷ்ட காலத்தில் கணவர் மனைவியின் நகையைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்றது நீதிமன்றம். 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. இன்னொன்றும் அந்தத் தீர்ப்பில் முக்கியம். கொலை வழக்கில் கேட்பதுபோல ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரத்தை இதற்குக் கேட்கக் கூடாது, எது நடந்திருக்க அதிக வாய்ப்புண்டோ அதை வைத்து முடிவெடுத்தால் போதும் என்பது. கணவரிடம் நகையைக் கொடுக்கும்போது எந்த மனைவி ரசீது கேட்பாள்?

அப்படியென்றால் ஆதாரமே வேண்டாமா என்றால், வேண்டும். கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட்டு வைத்திருக்க வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் 1985 முதல் விதியே இருக்கிறது. இத்தனை வருடப் பிராக்டிஸில் அப்படி ஒரு பட்டியலை யாரும் என்னிடம் கொண்டுவந்து காட்டியதில்லை. கல்யாண வீட்டில் அதைப் பேசினால் அபசகுனம் என்று நினைக்கிறார்கள். அதனால் நாங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறோம், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். எந்த ஆரம், எத்தனை வளையல் என்று எண்ணுகிறோம். நகைக்கடை பில், அப்பா அதற்காக எடுத்த கடன், அடகுக்கடைச் சீட்டு, மொய் நோட்டு எல்லாமே சாட்சிதான். ஒரு பெண்ணின் அம்மா பழைய டைரியில் 'ஆரம் 5 பவுன், ஜிமிக்கி 1 பவுன்' என்று எழுதி வைத்திருந்த ஒரே பக்கம் ஒரு வழக்கின் போக்கையே மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்குக் கல்யாணமென்றால் அந்தப் பக்கத்தை இன்றே எழுதுங்கள்.

கல்யாணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த கட்டில், பிரிட்ஜ், வண்டி போன்றவற்றை விவாகரத்துத் தீர்ப்பிலேயே பிரித்துக் கொடுக்க இந்து திருமணச் சட்டம் 27-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதில் பெரிதாகச் சிக்கல் வருவதில்லை.

சிக்கல் எப்போதும் வீட்டில்தான். முதலில், குடியிருக்கும் உரிமை வேறு, சொந்தக்காரராக இருப்பது வேறு. வாழ்ந்துவந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் மருமகள் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அப்படிக் கிடைத்த குடியிருப்பு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வீடே தனக்குக் கிடைத்துவிட்டதாக நினைத்துப் பேச்சுவார்த்தையைத் தட்டிக்கழித்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அது தலைக்குமேல் கூரைக்கான உரிமை. வீட்டைப் பத்திரம் எழுதி வாங்குவதற்கான உரிமை அல்ல.

வேலைக்குப் போகாத மனைவியின் உழைப்புக்கு மதிப்பே இல்லையா? இந்தக் கேள்வி என்னை இன்றும் உறுத்துகிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு நெஞ்சுக்கு இதமான பதில் ஒன்றைத் தந்தது. கணவர் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கு அது. வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் அவளுக்கும் சமபங்கு உண்டு என்றது நீதிமன்றம். அது விவாகரத்து வழக்கு அல்ல. அந்த வழக்கின் சாட்சியங்களை வைத்து வந்த முடிவு. இதை எல்லோருக்கும் பொருந்தும் சட்டமென்று நம்பி, கையிலிருக்கும் நல்ல சமரசத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் வாதாட வலுவான அடிப்படை கிடைத்திருக்கிறது, அதை விடாமல் எடுத்து வைக்கிறோம்.

ஆண்கள் பக்கமும் இதே வலி உண்டு. தன் சம்பளத்தில் வாங்கிய மனையை மனைவி பெயரில் பதிவு செய்துவிட்டு, பிரியும்போது "நான்தானே பணம் கட்டினேன்" என்று வருபவர்கள் உண்டு. பணம் தன்னுடையது என்று காட்டினால் மட்டும் போதாது. அன்றைக்கு அதை மனைவிக்கென்றே கொடுக்கும் எண்ணம் இல்லை என்பதையும் நிரூபிக்க வேண்டும். அது எளிதல்ல.

வீட்டுக்கடனை இருவரும் சேர்ந்து வாங்கியிருந்தால் மிகுந்த கவனம் தேவை. 'இனி தவணையைக் கணவரே கட்டுவார்' என்று விவாகரத்து ஒப்பந்தத்தில் எழுதினால் அது உங்கள் இருவருக்கும் இடையிலான ஏற்பாடு. வங்கியை அது கட்டுப்படுத்தாது. அவர் கட்டாவிட்டால் வங்கி உங்கள் கதவைத் தட்டும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். கடனை ஒருவர் பெயருக்கு மாற்றி, மற்றவரை விடுவித்து வங்கி கடிதம் கொடுத்த பிறகே கடைசிக் கையெழுத்தைப் போடுங்கள். அதேபோல் கூட்டுப் பெயரில் உள்ள வீட்டை ஒருவர் எடுத்துக்கொள்வதானால் மற்றவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எந்தத் தேதிக்குள் பதிவாக வேண்டும், செலவு யாருடையது என்பதெல்லாம் சமரச மனுவிலேயே இருக்கட்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்கள் வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

சொத்தில் பங்கு இல்லை என்பதால் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டம் 25-ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் இருக்கிறது. மனைவி மட்டுமல்ல, கணவரும் கேட்கலாம். மொத்தத் தொகையாகவோ மாதாமாதமோ தரச் சொல்லலாம். தேவைப்பட்டால் அந்தத் தொகைக்காக எதிர்த்தரப்பின் வீடு நிலத்தின்மீதே பொறுப்பு ஏற்றி வைக்க (தராவிட்டால் அந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கும்படி) நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை. அதோடு, ஜீவனாம்சம் கோரும் வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. சம்பளத்தைக் குறைத்துச் சொல்லித் தப்பிப்பது முன்புபோல் சுலபமில்லை. ஆனால் ஜீவனாம்சம் என்பது இரண்டு பேரின் செல்வத்தையும் சமமாக்கும் வழியல்ல என்றும் 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. இங்கே சொன்ன பிரிவு எண்கள் இந்துக்களுக்கானவை. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டம். முஸ்லிம் பெண்களுக்கு மஹர் தொகையும் (கல்யாணத்தில் மனைவிக்குத் தருவதாகக் கணவர் ஒப்புக்கொள்வது), இத்தா காலத்துக்குள் (விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் காலம்) எதிர்காலத்துக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாடும், கல்யாணத்தையொட்டி வந்த பொருள்களும் 1986-ஆம் வருடச் சட்டப்படி உரியவை.

வழக்கு வரும் என்று தெரிந்ததும் தம்பி பெயருக்கும் அம்மா பெயருக்கும் சொத்தை மாற்றுவது அடிக்கடி நடக்கிறது. சந்தேகம் வந்த அன்றே, சொத்து யாருக்குக் கைமாறியது என்று காட்டும் வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள். விற்காமலிருக்கத் தடை கேட்டு மனுப் போடலாம். விற்று மூன்றாவது கை மாறிய பிறகு வந்தால் எங்களாலும் ஓடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

மாடி கட்டிய அந்த அம்மாவை மறுபடி வரச் சொன்னேன். வீட்டில் இருக்கும் எந்தக் காகிதத்தையும் கிழிக்காமல் கொண்டுவாருங்கள் என்றேன். ஒரு துணிப்பையோடு வந்தார். நகைக்கடன் வங்கிச் சீட்டுகள் ஏழு அதில் இருந்தன. அவர் எழுதிய கூலி நோட்டும் இருந்தது. நகை அடகு போன ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு மூன்று நாள் தள்ளி, நோட்டில் சிமெண்டும் கம்பியும் வந்திறங்கியிருந்தன. வீட்டில் பங்கு கேட்காமல், சீதனத்தைத் திருப்பித் தரும்படி மனுவைத் திருத்தினோம். சமரச மையத்தில் அந்த நோட்டை மேசைமேல் வைத்தபோது மாமனாரே, "அது மருமக கையெழுத்துதான்" என்றார். பவுனை அன்றைய விலையில் கணக்குப் போட்டு மூன்று தவணையில் கொடுத்தார்கள். கடைசித் தவணை வங்கியில் ஏறிய பிறகுதான் அவரைக் கையெழுத்துப் போடவிட்டேன்.