எல் போர்டும் பம்பர் கீறலும் நோ கிளெய்ம் போனஸும்

"பையன் இப்பதான் லைசென்ஸ் எடுத்திருக்கான், இன்சூரன்ஸ் ஏறிடுமா சார்?" மோட்டார் சர்வேயராக (இன்சூரன்ஸுக்காக வண்டிச் சேதத்தை மதிப்பிடும் வேலை) ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பிரிட்டனில் என்றால் நிச்சயம் ஏறும். அங்கே ஓட்டுகிறவரின் வயதையும் அனுபவத்தையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் வண்டிதான் கணக்கு: அதன் ஐடிவி (பாலிசியில் போட்டிருக்கும் வண்டியின் இன்றைய மதிப்பு), இன்ஜின் சிசி, எத்தனை வருடப் பழசு, எந்த ஊரில் பதிவானது. தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான) பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி சொந்தக் காருக்கு 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் போனால் ஒரேயடியாக 7,897. ஓட்டிப் பழகுவதற்கென்று கார் தேடுகிறவர்கள் இந்த 1500 கோட்டைத் தாண்டாமல் இருந்தாலே ஒவ்வொரு வருடமும் மிச்சம்தான்.

ஆக, புதிதாக ஓட்டுகிறவரால் வரும் செலவு பிரீமியத்தில் தெரியாது. கிளெய்மில்தான் தெரியும்.

முதலில் பழகும் கட்டம். "வீட்டுல கார் நிக்குது, டிரைவிங் ஸ்கூலுக்கு எதுக்கு தண்டமா ஃபீஸ்?" என்பவர்கள் கிளட்ச் பிளேட்டை மறந்துவிடுகிறார்கள். மேட்டில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பழகினால் பிளேட் கருகும். அது தேய்மானம், எந்த பாலிசியும் தராது. ஸ்கூல் வண்டியில் அந்தத் தேய்மானம் அவர்கள் கணக்கு. மாஸ்டர் பக்கமும் பிரேக் இருக்கும். கியரும் கிளட்சும் கைவரும்வரை அங்கே, பிறகு சொந்தக் காரில் என்று பிரித்துக்கொள்வது நல்லது. பேக்கேஜில் லைசென்ஸ் செலவு எவ்வளவு என்று தனியாகக் கேட்டுவிடுங்கள். மத்திய விதிப்படி எல்எல்ஆருக்கு (பழகுநர் உரிமம்) 150, அதன் தேர்வுக்கு 50, ஓட்டுநர் தேர்வுக்கு 300, லைசென்ஸுக்கு 200 ரூபாய்தான். மாநிலத்தின் சேவைக் கட்டணம் கொஞ்சம் சேரலாம். பரிவாஹன் தளத்தில் நாமே விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

எல்எல்ஆர் வைத்துக்கொண்டு சொந்தக் காரை ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லுமா? செல்லும். எல்எல்ஆர் காலாவதியாகாமல் இருக்க வேண்டும் (ஆயுள் 6 மாதம்), முன்னும் பின்னும் எல் போர்டு இருக்க வேண்டும், லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்திலேயே, தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பின்சீட்டில் மாமா தூங்கிக்கொண்டு வந்தால் அது கணக்கில் வராது. எல்எல்ஆர் முடிந்த மறுவாரம் சுவரில் இடித்துவிட்டு வருகிறவர்களையும், பைக் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு கார் கிளெய்ம் போட வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த பில் முழுக்க அவர்கள் கையிலிருந்துதான் போகும்.

பணம் அதிகம் போகும் இடம் வேறு. புதியவர்கள் ஸ்பீடு பிரேக்கரிலோ கல்லிலோ வண்டியின் அடியைத் தட்டிவிடுவது சகஜம். ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு) விரிசல் விடும், ஆயில் சொட்டும், டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு எரியும். "வீடு பக்கத்துலதானே" என்று அப்படியே ஓட்டி வருவார்கள். இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சம்ப் உடைந்தது விபத்து, அதற்குப் பணம் கிடைக்கும். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதால் இன்ஜின் போனது பின்விளைவுச் சேதம், சாதாரண பாலிசியில் அதற்கு இடமில்லை. சில ஆயிரத்தில் முடியவேண்டியது லட்சத்தைத் தொடுவது இப்படித்தான். விளக்கு எரிந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு டோவிங் வண்டியைக் கூப்பிடுவதுதான் ஒரே வழி.

இனி பம்பர் கீறல். இந்த ஒரு கணக்கை மட்டும் பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். பம்பர் 4,000, பெயின்ட் 3,200, கூலி 600, மொத்தம் 7,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (ஜிஎஸ்டியை விட்டுவிடுகிறேன்). பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானமாகப் பாதி கழியும், 2,000 போச்சு. பெயின்ட்டில் எட்டில் ஒரு பங்கு, 400. 1500 சிசிக்குள் உள்ள காருக்கு, நாமே ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 4,400. இப்போது கார் ஓனருக்கு என்சிபி (நோ கிளெய்ம் போனஸ், கிளெய்ம் போடாத வருடங்களுக்காக ரினியூவலில் தரும் தள்ளுபடி) 25 சதவீதம் என்றால், கிளெய்ம் போடாவிட்டால் அடுத்தடுத்த ஐந்து ரினியூவலில் 35, 45, 50, 50, 50. போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசத்தைக் கூட்டினால் 105 சதவீதம். ஓடி பிரீமியம் (நம் வண்டிச் சேதத்துக்கான பங்கு, தள்ளுபடி இதில்தான்) 8,000 என்றால் 8,400 ரூபாய். வருடாவருடம் ஐடிவி இறங்குவதால் இதில் கொஞ்சம் குறையலாம், அப்போதும் வாங்கிய 4,400-ஐவிட இழந்தது அதிகம். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) எடுத்தவருக்கு அந்தத் தேய்மானக் கழிவு இருக்காது, ஆனால் என்சிபி அவருக்கும் போகும். சின்னக் கீறலுக்குக் கைக்காசு போடுவது என்று முடிவெடுத்தவர்கள் வாலன்டரி டிடக்டிபிள் (கிளெய்மில் இன்னும் ஒரு தொகையை நாமே ஏற்பதாக ஒப்புக்கொள்வது) எடுத்து ஓடி பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கோட்டுக்கும் கிளெய்ம் போடப்போகிறவருக்கு அது ஒத்துவராது.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஆர்சி மட்டும் மாறி, பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே கிடந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. பழையவரின் என்சிபியும் உங்களுக்கு வராது, அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. அப்பாவின் பழைய காரை விற்றுப் புதிது வாங்குகிறீர்கள் என்றால், புதியதையும் அப்பா பெயரில் எடுத்தால் அவருடைய என்சிபி அதற்கு வரும். பையன் பெயரில் எடுத்தால் அவன் பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை.

பதினெட்டு ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுப்பதைப் பற்றி ஒரே வரி: 2019 திருத்தத்துக்குப் பிறகு 25,000 ரூபாய் அபராதம், பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்து.

கடைசியாக பிரீமியம் ரசீதில் ஒரு வரியைப் பாருங்கள். ஓனர் டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு, லைசென்ஸ் உள்ள ஓனருக்குத்தான் பொருந்தும். லைசென்ஸே இல்லாதவர் பெயரில் கார் எடுத்தால் அதற்குப் பணம் வாங்கக் கூடாது, வாங்கியிருந்தால் கேட்டுத் திருப்பி வாங்குங்கள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே கம்பெனிக்கு எழுதி அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.